ஏர்கோனை மாற்றுவதா, இன்னொரு தடவை பழுது பார்ப்பதா?

வாசகர் கடிதம்:

தம்பிக்கு வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறேன். தோட்டத்து ரப்பர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மூன்று ஏக்கர் சொந்த ரப்பர் நிலம் இருக்கிறது, இன்னமும் நானே பார்த்துக்கொள்கிறேன். வீட்டில் நானும் மனைவியும் மட்டும்தான். 2011-இல் இரண்டு ஏர்கோன் போட்டோம். படுக்கை அறையில் ஒரு குதிரைத்திறன், கூடத்தில் இரண்டு குதிரைத்திறன். கூடத்து ஏர்கோன் பேரப்பிள்ளைகள் வந்தால்தான் ஓடும், அதில் குறை இல்லை. படுக்கை அறையில் உள்ளதுதான் இரண்டு வருஷமாகத் தொல்லை கொடுக்கிறது. நாலைந்து மாதத்துக்கு ஒரு தடவை கேஸ் போடுகிறோம், ஒவ்வொரு தடவையும் 150 வெள்ளி (ரிங்கிட்). ஃபில்டரைக் கழுவினாலும் விடியற்காலையில் உள்ளே ஐஸ் கட்டித் தண்ணீர் சொட்டுகிறது. மனைவிக்கு ஆஸ்துமா, ராத்திரி தூக்கம் கெடுகிறது. போன வாரம் வந்த பையன் உள் காயிலில் ஓட்டை, மாற்ற 650 வெள்ளி ஆகும் என்றான். கடைத்தெருவில் கேட்டால், இரண்டையும் கழற்றிவிட்டு 1.5, 2.5 குதிரைத்திறன் இன்வெர்ட்டர் போடுங்கள், பழைய பைப்பே போதும், தவணையில் கட்டலாம் என்கிறார்கள். மெல்பர்னில் இருக்கும் மகள் அங்கே பழைய ஹீட் பம்ப்பை மாற்றினாளாம், அப்பா நீங்களும் அதையே வாங்குங்கள் என்கிறாள். அறை 12-க்கு 11 அடி. மேற்குச் சுவர் வெயிலில் காயும். சீலிங் பழைய சிமெண்டு அட்டை. வெளி யூனிட் பின்பக்கக் கொட்டகையை ஒட்டி இருக்கிறது, ரப்பர் பால் சாமான்களும் ஆசிட்டும் அங்கேதான் வைக்கிறேன். கரண்டு பில் மாதம் 480 யூனிட் வருகிறது. பணம் விரயமாகக் கூடாது. என்ன செய்யட்டும்?

பதில்:

ஐயாவுக்கு வணக்கம். கடிதத்தோடு அனுப்பிய படங்களையும் பார்த்தேன். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்ப்போம். படுக்கை அறை ஏர்கோனுக்கு அந்த 650 வெள்ளியைக் கொடுக்காதீர்கள், அதை மாற்றிவிடுங்கள். புதியதும் ஒரு குதிரைத்திறனே போதும், தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் வகையாக இருக்கட்டும். பைப்பும் புதிதாகப் போடுங்கள். கூடத்து ஏர்கோனைத் தொடவே வேண்டாம். அதற்குப் போகவிருந்த பணத்தில் ஒரு பகுதியைச் சீலிங்குக்கும் வயரிங்குக்கும் செலவழியுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், கொட்டகையில் இருக்கும் ஆசிட் தோம்பை (கேனை) அங்கிருந்து நகர்த்துங்கள்.

முதலில் கேஸ் விஷயம். ஏர்கோனில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் அது சுற்றிக்கொண்டே இருக்கும். ஓட்டை இல்லாவிட்டால் பத்து வருஷம் ஆனாலும் கேஸ் போடத் தேவையில்லை. நாலு மாதத்துக்கு ஒரு தடவை ஒருவர் வந்து கேஸ் போட்டுவிட்டுப் போகிறார் என்றால், இத்தனை நாளும் ஓட்டையை யாரும் தேடவில்லை என்றுதான் அர்த்தம். சர்வீஸ் என்றாலே கேஸும் போட வேண்டும் என்று நம் ஊர்களில் பலர் நம்பிவிட்டார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. வயதானவர்கள் சேமித்து வைத்த காசு இப்படிக் காற்றில் போகிறது.

ஐஸ் கட்டுவதற்கும் இதுவே காரணம். கேஸ் குறைந்தால் உள் காயிலில் (உள் யூனிட்டில் கேஸ் ஓடும் குழாய்ச் சுருளில்) அழுத்தம் குறைகிறது, காயிலின் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகிறது, அறையில் இருக்கும் ஈரம் அதன்மேல் உறைகிறது. ஐஸ் கட்டியதும் காற்று நுழைய வழி இல்லை. அறை குளிராது, ஆனால் கம்ப்ரசர் மட்டும் நிற்காமல் ஓடும். அழுக்கு ஃபில்டரும் இதே வேலையைச் செய்யும், அதனால்தான் முதலில் ஃபில்டரைப் பார்க்கச் சொல்வோம். நீங்கள் கழுவிப் பார்த்தும் ஐஸ் கட்டுகிறது. படத்தில் உள் யூனிட்டின் காயில் வளைவில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டிக் கறுப்பாக ஒரு திட்டு தெரிகிறது. கேஸ் கசியும் இடத்தில் கம்ப்ரசர் எண்ணெயும் கூடவே கசியும், அந்த எண்ணெயில் தூசி ஒட்டும். உங்களிடம் வந்த பையன் காயில் ஓட்டை என்று சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

அப்படியானால் காயிலை மட்டும் மாற்றினால் என்ன? அந்தக் காயில் சேரப்போவது ரொம்ப வருஷம் ஓடிய, அதிலும் இரண்டு வருஷம் கேஸ் குறைவாக ஓடிய கம்ப்ரசரோடு. சுற்றி ஓடுகிற கேஸ்தான் கம்ப்ரசர் மோட்டாரின் சூட்டைத் தணிக்கிறது. கேஸ் குறைந்தால் மோட்டார் கொதிக்கும், உள்ளே எண்ணெய் கருகும். வெளியில் பார்த்தால் நன்றாக ஓடுவதுபோலத்தான் இருக்கும். 650 வெள்ளி கொடுத்துக் காயிலை மாற்றிய ஆறாவது மாதம் கம்ப்ரசர் போனால், அந்தப் பணத்துக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் மெஷினில் இருப்பது ஆர்-22 கேஸ். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் கேஸ் என்பதால் 1987-இல் உருவான மொன்ட்ரியால் ஒப்பந்தத்தின்படி உலகமே இதைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறது. மலேசியா போன்ற வளரும் நாடுகள் இந்த வகைக் கேஸின் உபயோகத்தை 2020-க்குள் 35 விழுக்காடும், 2025-க்குள் 67.5 விழுக்காடும் குறைக்க வேண்டும். 2030-க்குப் பிறகு, பழைய மெஷின்களைப் பராமரிக்க விடப்படும் சிறு அளவைத் தவிர எதுவும் இல்லை. அதாவது இனி ஒவ்வொரு வருஷமும் இந்தக் கேஸ் கிடைப்பது அரிதாகும், விலையும் ஏறும். அதோடு, தட்டுப்பாடு வந்தால் கலப்படமும் வரும். ஆர்-22 என்ற பெயரில் எளிதில் தீப்பிடிக்கும் வேறு கேஸை அடைத்து விற்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. யாராவது உங்கள் பழைய மெஷினில் வேறு கேஸ் போட்டு ஓட்டலாம் என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். அந்த மெஷின் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

இப்போது ஆசிட் தோம்பு. கடிதத்தில் போகிறபோக்கில் நீங்கள் சொன்ன ஒரு வரிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. பால் உறைய வைக்க நீங்கள் வைத்திருப்பது ஃபார்மிக் ஆசிட். ஆலையில் வேலை பார்த்த உங்களுக்கு அதைப்பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் செம்புக் குழாயை அது என்ன செய்யும் என்பது பலருக்குத் தெரியாது. ஃபார்மிக் ஆசிட் ஆவியும் ஈரக்காற்றும் சேர்ந்து செம்பின்மேல் தொடர்ந்து படிந்தால், எறும்புப் புற்றுபோல உள்ளுக்குள் வளைந்து வளைந்து அரிக்கும். வெளியில் ஊசி முனை அளவுகூடத் தெரியாது. ஏர்கோன் காயிலின் செம்புக் குழாய் மிக மெல்லியது, அது இந்த அரிப்புக்குச் சீக்கிரம் இரையாகும். வினிகர், சில வகைத் தரை துடைக்கும் திரவங்கள், புதுப் பலகையிலிருந்து வரும் வாடை ஆகியவையும் இதே வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யும். ஆனால் உங்கள் வீட்டில் அசல் ஆசிட்டே ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. பகலில் அறை ஜன்னலைக் கொட்டகைப் பக்கம் திறந்து வைக்கிறீர்கள் என்பது படத்தில் தெரிகிறது. உள் காயில் அரித்ததற்கு அதுவே காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். பால் கெடாமல் இருக்க அம்மோனியாவும் வைத்திருந்தால் அதையும் சேர்த்து நகர்த்துங்கள். பித்தளை நட்டுகளை அது விரிசல் விடச் செய்யும். நிலத்திலேயே பூட்டுப் போட்ட சின்னப் பெட்டிகளில் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் மனைவியின் மூச்சுக்கும் நல்லது. இதைச் செய்யாமல் புது ஏர்கோன் மாட்டினால், அதன் காயிலும் சில வருஷங்களில் இதே கதிக்கு வரலாம். அமில ஆவியால் வந்த அரிப்பை வாரண்டி ஏற்காது.

அளவு விஷயத்துக்கு வருவோம். கடைக்காரர் 1.5 சொல்கிறார். பெரியதாகப் போட்டால் சீக்கிரம் குளிரும் என்பது எல்லோருக்கும் இருக்கும் நினைப்பு, விற்கிறவருக்கும் அது வசதி. நம் ஊரில் ஓர் அறைக்குச் சதுர அடிக்கு 60 முதல் 65 பிடியூ (குளிர்விக்கும் சக்தியின் அளவு) என்று கணக்குப் போடுவது வழக்கம். உங்கள் அறை 132 சதுர அடி. 65 என்றே வைத்தாலும் 8,580 வருகிறது. ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் ஏறக்குறைய 9,000 பிடியூ. மேற்கு வெயிலுக்கு ஒரு பத்து விழுக்காடு கூட்டினால் 9,400 சுற்றில் நிற்கும். மத்தியானம் மூன்று மணிக்கு அந்த அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவராக நீங்கள் இருந்தால் யோசிக்கலாம். நீங்கள் போடுவது ராத்திரி ஒன்பது மணிக்குப் பிறகு. அப்போது சுவர் சூடு பாதி இறங்கியிருக்கும். இன்வெர்ட்டர் மெஷின்கள் தேவைப்பட்டால் தம் பெயரளவு சக்தியைவிடக் கொஞ்சம் கூடவே ஓடும். அதனால் ஒன்றே போதும் என்கிறேன்.

பெரியது போட்டால் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். ஏர்கோன் இரண்டு வேலை செய்கிறது. காற்றைக் குளிர வைக்கிறது, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வெளியே தண்ணீராக விடுகிறது. ஈரம் இழுக்க நேரம் வேண்டும். காயில் மேல் காற்று தொடர்ந்து ஓட வேண்டும். அறைக்குப் பெரிய மெஷின் பத்து நிமிஷத்தில் சொன்ன டிகிரிக்கு வந்துவிட்டு நிற்கும் அல்லது மிக மெதுவாக ஓடும். காற்று சில்லென்று இருக்கும், ஆனால் பிசுபிசுப்பு போகாது. போர்வை நமத்த மாதிரி இருக்கும், அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும். உங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் காற்றின் ஈரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆஸ்துமா உள்ளவர் தூங்கும் அறையில் பூஞ்சைதான் பெரிய எதிரி. உங்கள் வீட்டில் சரியான அளவைப் பணத்துக்காக மட்டும் நான் சொல்லவில்லை.

இன்வெர்ட்டர் தேவையா என்றால், படுக்கை அறைக்குத் தேவை. ஒரு ராத்திரிக்கு ஒன்பது மணி நேரம் விடாமல் ஓடும் இடத்தில்தான் அது தன் விலையைத் திருப்பித் தரும். ஒரு கணக்கு பார்ப்போம். கேஸ் குறைந்து நிற்காமல் ஓடும் உங்கள் பழைய மெஷின் 850 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 230 யூனிட் ஆகிறது. அதாவது உங்கள் 480-இல் ஏறக்குறைய பாதி. ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் இதே அறையில் ஒரு ராத்திரிக்கு மூன்றரை யூனிட் எடுத்தால் மாதம் 105. வித்தியாசம் 125 யூனிட். 2025 ஜூலை முதல் வந்த புதுக் கட்டணத்தில், 1,500 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்கு எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு 44.43 சென். அப்படியானால் மாதம் 55 வெள்ளி மிச்சம். உண்மையில் இன்னும் கூடும். மொத்தப் பயன்பாடு குறையக் குறைய யூனிட்டுக்குக் கிடைக்கும் சிக்கனக் கழிவு கூடுகிறது. 200 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு அது 25 சென், 1,000 தாண்டினால் ஒன்றுமே இல்லை. நீங்கள் 480-இலிருந்து 355-க்கு இறங்கும்போது கழிவும் ஏறும். கேஸுக்குக் கொடுத்துவந்த பணத்தையும் சேர்த்தால் வருஷத்துக்கு ஆயிரம் வெள்ளியை ஒட்டி மிஞ்சும்.

கடையில் எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர ஒட்டியைப் பாருங்கள். நட்சத்திரத்தை எண்ணுவதோடு விட்டுவிடாமல், அதில் அச்சடித்திருக்கும் வருஷ யூனிட் கணக்கையும் ஒப்பிடுங்கள். ஐந்து நட்சத்திரத்துக்குள்ளேயே நல்ல வித்தியாசம் இருக்கும். எந்த பிராண்ட் என்று பலர் என்னைக் கேட்கிறார்கள். உங்கள் ஊரில் யாரிடம் உதிரிப் பாகம் ஒரு வாரத்தில் கிடைக்கிறதோ அந்த பிராண்ட். டைக்கின், பானாசோனிக் போன்ற நிறுவனங்களுக்குச் சிலாங்கூரிலேயே ஆலை இருக்கிறது, பாகங்களுக்கு ரொம்பக் காத்திருக்க வேண்டியதில்லை. ஈப்போ அரை மணி நேரப் பயணம்தான், சுங்கை சிப்புட்டில் கிடைக்காவிட்டாலும் அங்கே கிடைக்கும். அரசாங்கம் சில வருஷங்களில் நல்ல நட்சத்திரம் உள்ள ஏர்கோனுக்குக் கழிவு கொடுத்திருக்கிறது. 2021-இல் சேவ் 2.0 திட்டத்தில் 200 வெள்ளி கிடைத்தது. வாங்கும் நேரத்தில் அப்படி ஏதாவது நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது பைப். பழைய பைப்பே போதும் என்று சொன்னவர் உங்களுக்கு 300, 400 வெள்ளி மிச்சம் பிடித்துத் தருவதுபோலத் தெரியும். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புது மெஷின்களில் வருவது ஆர்-32 கேஸ். அதன் அழுத்தம் ஆர்-22-ஐப்போல ஒன்றரை மடங்குக்கு மேல். உங்கள் பழைய பைப்பின் கனம் என்ன, எந்த இடத்தில் மெலிந்திருக்கிறது, யாருக்கும் தெரியாது. அதோடு எண்ணெய்ப் பிரச்சினை இருக்கிறது. ஆர்-22 மெஷினில் இருப்பது மினரல் எண்ணெய், புது மெஷினில் வேறு செயற்கை எண்ணெய். பழைய குழாயின் உள்ளே கருகிய எண்ணெய் ஒரு படலமாக ஒட்டியிருக்கும். அது புது எண்ணெயோடு கலந்தால் புதுக் கம்ப்ரசருக்கு முதல் நாளே கேடு. சுவருக்குள் புதைத்த பைப்பாக இருந்து உடைக்க வழியே இல்லையென்றால் கழுவிப் பயன்படுத்துவது பற்றிப் பேசலாம். உங்களுடையது சுவருக்கு வெளியே கிளிப் அடித்து ஓடுகிறது, கழற்ற அரை மணி நேரம் போதும். புதுப் பைப்பின் சுவர் கனம் 0.8 மில்லிமீட்டர் இருக்கட்டும். மலிவாக மெல்லிய பைப் விற்கிறது, பில்லில் கனத்தை எழுதச் சொன்னால் அதைக் கொண்டுவர மாட்டார்கள்.

பொருத்துகிற நாளில் நீங்கள் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். நல்ல கைகாரர் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். செம்புக் குழாயைக் கட்டரால் வெட்டுவார்கள், வெட்டிய வாயில் உள்பக்கம் பிசிறு நிற்கும், அதைக் குழாயைத் தலைகீழாகப் பிடித்துச் சுரண்டி எடுக்க வேண்டும். நேராகப் பிடித்துச் சுரண்டினால் செம்புத் தூள் உள்ளே போய்விடும். பிறகு வாயை விரித்து, வளையம் வழவழவென்று கீறல் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்து, நட்டை மாட்ட வேண்டும். இறுக்குவதற்கு அளவு உண்டு, அதற்கென்றே ஸ்பேனர் இருக்கிறது. பலத்தைக் காட்டி இறுக்கினால் விரித்த வாய் வெடித்து, ஒரு வருஷம் கழித்துக் கசியும்.

அதற்கப்புறம் வருவதுதான் உயிரான வேலை. குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்குவம் பம்ப் போட்டு உறிஞ்ச வேண்டும். பம்ப் ஓடும் சத்தம் உங்கள் காதில் விழ வேண்டும், குறைந்தது இருபது நிமிஷம், அரை மணி நேரமானாலும் நல்லது. வெற்றிடத்தை அளக்கும் மீட்டரில் 500 மைக்ரானுக்குக் கீழே இறங்கி, பம்ப்பை நிறுத்திய பிறகும் முள் ஏறாமல் நின்றால்தான் கசிவில்லை, ஈரமில்லை என்று அர்த்தம். அவசரக்காரர்கள் பம்ப்பே கொண்டுவர மாட்டார்கள். வெளி யூனிட்டின் வால்வைக் கொஞ்சம் திறந்து, கேஸைவிட்டே காற்றைத் தள்ளிவிட்டு, முடிந்தது என்று கைகழுவிவிடுவார்கள். ஈரம் உள்ளே தங்கும். புது எண்ணெய் ஈரத்தைக் குடித்துப் புளித்துப்போகும். மெஷின் மூன்று வருஷம் நன்றாக ஓடிவிட்டுச் சாகும், பழி பிராண்ட் மேல் விழும். அதனால் விலை பேசும்போதே, வேக்குவம் பம்ப் வைத்துத்தான் பொருத்த வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடியது, வேலை நடக்கும் இடத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது. ஒரு குதிரைத்திறன் மெஷினில் இருக்கும் அளவு கொஞ்சம்தான், மாட்டிய பிறகு அதை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. கேஸைக் கையாளச் சுற்றுச்சூழல் துறையின் சான்றிதழ் பெற்ற ஆளா என்று கேட்பதில் தவறில்லை.

பழைய மெஷினைக் கழற்றும்போது கேஸைத் திறந்து காற்றில் விடக் கூடாது. சட்டப்படியும் அது தப்பு. மிச்சமிருக்கும் கேஸை வெளி யூனிட்டுக்குள்ளேயே இழுத்து அடைத்துவிட்டுக் கழற்றலாம், பிறகு சிலிண்டரில் எடுக்க வேண்டும். பழைய சாமான் லாரிக்காரரிடம் அப்படியே தூக்கிக் கொடுத்தால் அவர் செம்புக்காகப் பைப்பை வெட்டுவார், கேஸ் முழுவதும் போய்விடும். கடைக்காரரையே எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

வெளி யூனிட்டை இந்தத் தடவை கொட்டகைப் பக்கம் மாட்டாதீர்கள். படத்தில் தெரியும் வடக்குப் பக்கச் சுவர் நல்ல இடம், வெயிலும் குறைவு. முன்னால் சாமான் அடுக்காமல் காற்று போக வழி விடுங்கள். மழைநீர் வடியும் கூரை முனைக்கு நேர்கீழே வேண்டாம். பல்லி, எறும்பு உள்ளே புகுந்து எலக்ட்ரானிக் போர்டைக் கெடுப்பது தோட்டப்புற வீடுகளில் அடிக்கடி நடக்கும். வயர் போகும் ஓட்டைகளைப் பூசி அடைக்கச் சொல்லுங்கள்.

வயரிங்கை ஒரு லைசென்ஸ் வயர்மேன் பார்க்க வேண்டும். ஏர்கோனுக்குத் தனி லைன், தனி 20 ஆம்பியர் பிரேக்கர், சரியான எர்த்திங். அவ்வளவு வருஷம் பழைய லைனில் ஓடியதே என்று விடாதீர்கள், பழைய பெட்டியில் திருகாணிகள் தளர்ந்து கருகியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். இடி மின்னல் அதிகம் விழும் நாடு நம்முடையது, மாலை நேர இடியில் முதலில் போவது இன்வெர்ட்டர் போர்டுதான். மின்பெட்டியில் இடி தாங்கும் பாதுகாப்புக் கருவி ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். அப்படியிருந்தாலும் பெரிய இடி இடிக்கும்போது ஏர்கோன் சுவிட்சை அணைத்துவிடுவது நல்லது.

சீலிங் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய தாமான் வீடுகளின் சிமெண்டு அட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அதைத் துளைக்கவோ அறுக்கவோ தேய்க்கவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குப் பெரும் கேடு. அட்டை உடையாமல் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். ஏற்கெனவே இருக்கும் கூரைத் திறப்பு வழியாக ஏறி, அட்டையின் மேல் மிதிக்காமல், அதன்மீது சூட்டைத் தடுக்கும் ராக்வூல் பஞ்சு விரிப்புப் போடலாம். வேலை செய்கிறவருக்கு முகக்கவசம் கட்டாயம், உங்கள் வீட்டம்மாவை அன்றைக்குப் பக்கத்து வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். மாடியில்லாத வீட்டில் பகல் சூட்டில் பெரும்பகுதி கூரை வழியாகத்தான் இறங்குகிறது. ராத்திரி பத்து மணிக்கும் சீலிங்கைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறதே, அது மத்தியான வெயில். அதைத் தடுத்துவிட்டால் ஒரு குதிரைத்திறன் தாராளமாகப் போதும், ஏர்கோன் போடாத கூடமும் குளிரும். 2.5 குதிரைத்திறன் வாங்குகிற காசைவிட இதற்குக் குறைவாகவே ஆகும்.

கூடத்து ஏர்கோன் நன்றாக ஓடுகிறது, ஓடுவதும் எப்போதாவதுதான். வருஷத்தில் சில நாள் ஓடுவதற்குப் புது இன்வெர்ட்டர் வாங்கினால் கரண்டில் மிஞ்சும் காசு அதன் விலையை என்றைக்கும் எட்டாது. சுத்தம் மட்டும் செய்யுங்கள். கேஸ் போட வேண்டிய நாள் வந்தால் அன்றைக்கு மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

மகள் சொன்னதும் இதே வகை மெஷின்தான். அங்கே குளிர்காலத்தில் அதைத் திருப்பி ஓட்டி வீட்டைச் சூடாக்குவார்கள், அதற்கென உள்ளே கூடுதலாக ஒரு வால்வு இருக்கும். நமக்குச் சூடாக்கும் வேலை இல்லை. அதற்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை என்று மகளிடம் சொல்லுங்கள். அவர் பணம் அனுப்ப நினைத்தால் அது சீலிங்குக்கு உதவும்.

தவணையில் வாங்குவதென்றால் மொத்தமாக எவ்வளவு கட்டுகிறோம் என்று கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரே ஒரு மெஷின்தான் வாங்குகிறீர்கள் என்பதால் ரொக்கமாகவே முடியலாம்.

மாட்டிய பிறகு 25 அல்லது 26 டிகிரியில் வைத்து, மேலே ஃபேனை மெதுவாக ஓட விடுங்கள். குளிர்காற்று அம்மாவின் முகத்துக்கு நேராக வராதபடி உள் யூனிட்டைக் கட்டிலின் பக்கவாட்டுச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வெறும் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்தால் போதும். கெமிக்கல் வாஷ் என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து நிற்பவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். காயில் அழுக்காகத் தெரியும்போது செய்துகொள்ளலாம். அதற்கு ஊற்றும் திரவமும் அடிக்கடி பட்டால் செம்புக்கு ஆகாது. அம்மாவின் மூச்சுத் திணறல் இதற்குப் பிறகும் குறையாவிட்டால் கிளினிக்கில் காட்டுங்கள். ஏர்கோன் செய்யக்கூடியது ஓரளவுதான்.

கடைசியாக பில். உள் யூனிட், வெளி யூனிட் இரண்டின் சீரியல் எண், பைப்பின் கனம், பொருத்திய தேதி, பொருத்தியவர் பெயர் இவை பில்லில் இருக்க வேண்டும். கம்ப்ரசருக்கு எத்தனை வருஷம், போர்டுக்கு எத்தனை வருஷம் வாரண்டி என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள், இரண்டும் ஒன்றல்ல. பில்லின் மை சீக்கிரம் அழிந்துவிடும், அன்றைக்கே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து மகளுக்கும் அனுப்பி வையுங்கள்.